தேய்க்கலாம் ஒரு வலி, தேய்க்கக் கூடாது ஒரு வலி!

"இடுப்பு விட்டுப் போகுதும்மா!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ, நல்லெண்ணெயைச் சுட வச்சு எடுத்துண்டு வரேன்."

பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு தினம் ஒரு தரமாவது காதில் விழாமல் இருக்காது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால் போதும். அம்மாவின் கையும் எண்ணெய்க் கிண்ணமும் ஓய்வதே இல்லை!

இது நல்ல பழக்கமா? நல்ல பழக்கம்தான். பத்து மாதம் சுமக்கிறவளுக்குப் பரிவோடு தொடுகிற ஒரு கை பெரிய ஆறுதல். ஆனால் சகோதரிகளே, எல்லா வலியும் எண்ணெய்க்கு அடங்குகிற வலி அல்ல. தேய்த்துவிட்டால் போய்விடும் வலியும் உண்டு. தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடிகிற வலியும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், அம்மாவின் எண்ணெயும் வேண்டும், டாக்டரின் ஊசியும் வேண்டும் என்பது புரிந்துவிடும்.

ஏன் வலிக்கிறது?

பிரசவத்துக்குள் ஒரு பெண்ணின் எடை சாதாரணமாக 10 முதல் 12 கிலோ வரை கூடுகிறது. வயிறு முன்னால் தள்ளத் தள்ள, விழாமல் இருப்பதற்காக முதுகைப் பின்னால் வளைத்து நடக்கிறோம். நாள் முழுக்க அப்படி நடந்தால் இடுப்புத் தசைகள் சும்மா இருக்குமா? அதோடு, பிரசவத்துக்கு வழிவிடுவதற்காக உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் இடுப்பெலும்பின் மூட்டுகளைத் தளர்த்துகின்றன. ரத்தத்தின் அளவும் முன்பு இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு வரை ஆகிவிடுகிறது. கனத்த கர்ப்பப்பை அடிவயிற்று ரத்தக் குழாய்களை அழுத்துவதால், சாயங்காலம் ஆனால் பாதம் இரண்டிலும் நீர் கோத்துக்கொள்கிறது. இவையெல்லாம் இயற்கை. இவற்றுக்குத்தான் கை வைத்தியம்.

பிடித்துவிடுவதில் பலன் இருக்கிறதா என்று வெளிநாட்டில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்ட் என்ற பெண்மணியின் குழு, கர்ப்பிணிகளுக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிஷம் என்று ஐந்து வாரம் மஸாஜ் செய்து பார்த்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டது. அந்தப் பெண்களுக்கு மனக்கலக்கம் குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது, முதுகுவலி தணிந்தது என்று கண்டார்கள். சோதனையில் இருந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும், நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொன்னதற்கு அது ஒத்து வருகிறது அல்லவா!

எப்படிப் பிடித்துவிடுவது?

முதலில் படுக்கும் முறை. மாதம் ஏற ஏற மல்லாந்து படுக்க வைத்துத் தேய்க்காதீர்கள். கர்ப்பப்பையின் கனம், இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாயை அழுத்தி, தலைசுற்றலையும் மயக்கத்தையும் கொண்டுவரும். குப்புறப் படுப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு முட்டுக்கொடுத்து இன்னொன்று. அதுதான் சௌகரியம். படுக்கப் பிடிக்கவில்லையா? நாற்காலியில் சாய்மானத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தால் முதுகு முழுவதும் வாகாகக் கிடைக்கும்.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எது ஒத்துக்கொள்கிறதோ அது. முதுகெலும்பின் மேல் அழுத்தாமல், அதன் இரண்டு பக்கமும் உள்ளங்கையைப் பரப்பிக் கீழிருந்து மேலாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். காலுக்கும் அப்படியே, பாதத்திலிருந்து மேல் நோக்கி இதமாக நீவினால் போதும். "நல்லா அழுத்துனாத்தான் வலி போகும்" என்று மல்யுத்தம் செய்யக் கூடாது! சாப்பிட்ட உடனே வேண்டாம். கால் மணி, இருபது நிமிஷம் போதும்.

தேய்த்த பிறகு உடம்பு தாங்காத வெந்நீரைக் கொட்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரே நல்லது. இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் மறக்கக் கூடாது: எண்ணெய்க் காலோடு குளியலறைக்குள் போக விடாதீர்கள். பாதத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். வழுக்கி விழுந்தால், பிடித்துவிட்ட பலன் எல்லாம் போச்சு!

பிடித்துவிட அம்மா பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? கணவர் இருக்கிறாரே! "புருஷன் பெண்டாட்டி காலைப் பிடிக்கிறதாவது" என்று முணுமுணுக்கும் வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. அவருடைய பிள்ளையையும் சேர்த்துச் சுமக்கிற கால்தானே அது? இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மாமியார்மார்களே, நீங்களே மகனிடம், "போடா, அவளுக்குக் கொஞ்சம் காலைப் பிடிச்சு விடு" என்று சொல்லிப் பாருங்கள். மருமகள் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

வயிற்றைப் பிசையக் கூடாது

வயிற்றில் லேசாக எண்ணெய் தடவிக்கொள்வதில் தப்பில்லை. இழுபடும் தோலின் அரிப்புக்கு அது இதம். ஆனால் வயிற்று வரி வராமல் தடுக்கும் என்று விலை உயர்ந்த க்ரீம்களை வாங்கிக் குவிக்காதீர்கள். இப்படிப்பட்ட பூச்சுகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, அவை வரியைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2012-ல் சொல்லிவிட்டது.

தடவுவது வேறு, அழுத்திப் பிசைவது வேறு. "குழந்தை குறுக்கே கிடக்கு, தேய்ச்சுத் திருப்பி விடறேன்" என்று யாராவது வந்தால், தயவு தாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். இடுப்புப் பக்கம் இறங்கியிருக்கும் குழந்தையின் தலையை மேலிருந்து கீழாகத் திருப்புவதை டாக்டர்களும் செய்வதுண்டு. ஆனால் 36, 37 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டு, வேண்டுமானால் உடனே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்வார்கள். நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்து ரத்தப்போக்கு வந்துவிட்டால் வீட்டுத் திண்ணையில் என்ன செய்ய முடியும்?

தைலங்களிலும் கவனம் வேண்டும். வலி போக்கும் பல தைலங்களில் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கின்றன. உடம்பு முழுக்க அவற்றை அள்ளிப் பூசுவது கர்ப்பிணிக்கு ஆகாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக் கூடும் என்பதால், 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் எச்சரித்தது. அதே மருந்துகள் பூசுகிற ஜெல்லாகவும் கடையில் கிடைக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொட வேண்டாம்.

இவற்றைத் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்!

இனி வருவதைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். பெண்ணும் படிக்கட்டும், அவளுக்கு எண்ணெய் தேய்க்கிறவர்களும் படிக்கட்டும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம்: இரண்டு காலும் சாயங்காலத்தில் வீங்கிக் காலையில் வடிந்தால் பயமில்லை. ஒரு காலில் மட்டும், அதுவும் பெரும்பாலும் இடது காலில், கெண்டைச்சதை வலித்து, வீங்கி, தொட்டால் சுட்டு, சிவந்திருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இந்தக் காலைத் தேய்த்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளக் கூடும். கையை எடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும்; குழந்தையைப் போய்ச் சேராத ஹெபாரின் ஊசி இருக்கிறது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விடாத தலைவலி, முகமும் விரலும் திடீரென்று வீங்குதல், கண் மங்கல்: 20 வாரத்துக்கு மேல் இவை ரத்தக் கொதிப்பின் அடையாளமாக இருக்கலாம். நெற்றியில் தைலம் தடவிப் படுக்க வைத்துவிட்டால், வலிப்பு வரை போய்விடும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும்.

விலா எலும்புக்குக் கீழே மேல் வயிற்று வலி: நம் வீடுகளில் இதற்கு உடனே பெயர் வைத்துவிடுவோம், "வாயுப் பிடிப்பு" என்று! பெருங்காயம் கரைத்துத் தடவி, ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்போம். கடைசி மாதங்களில் வருகிற இந்த வலி, அதே ரத்தக் கொதிப்பு கல்லீரலைத் தாக்கியதாலும் வரக் கூடும்.

உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு: வயிற்றுத் தோல் அரிப்பது சகஜம். தடிப்பு ஏதும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும், அதிலும் ராத்திரியில் அதிகமாக, அரித்தால் கல்லீரலில் பித்த நீர் தேங்குவதால் இருக்கலாம். எண்ணெய் தடவி ஆற்றுவதை விட்டு, ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

விட்டு விட்டு வரும் இடுப்பு வலி: 37 வாரம் ஆகும் முன்பே வலி வந்து வந்து போய், அடிவயிறு இறுகினால் அது பிரசவ வலியாக இருக்கலாம். இடுப்பு வலியோடு குளிர் ஜுரமும் நீர்க்கடுப்பும் இருந்தால் சிறுநீரகத்தில் கிருமி.

ரத்தம் படுதல், நீர் போதல், குழந்தையின் அசைவு குறைதல்: இவற்றுக்கு எந்தத் தேய்ப்பும் இல்லை. நேராக ஆஸ்பத்திரிதான்.

உங்களுக்கு நீங்களே

நடு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உயிர் போகிறதா? முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கமாக இழுங்கள். கை எட்டாவிட்டால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். சில நிமிஷத்தில் விட்டுவிடும். பிறகு லேசாக நீவலாம். விடாமல் நாள் முழுக்க வலித்தால், முன்னே சொன்ன ரத்த உறைவை நினைத்துப் பாருங்கள்.

நின்றுகொண்டே சமைக்காதீர்கள், காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் சிறு தலையணை. சாயங்காலம் கால் மணி நேரம் காலை உயர்த்தி வைத்து, ஒருக்களித்துப் படுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போதும் ஒருக்களித்தே படுங்கள். டாக்டர் தடை சொல்லாவிட்டால் தினம் அரை மணி நேரம் நடங்கள். கழுத்தையும் தோளையும் நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதத்தில் காலைப் பிடித்துவிட்டால் கரு கலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை, கருவிலேயே உண்டான குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. தோளையும் பாதத்தையும் இதமாகத் தொட்டதால் அல்ல. ஆகவே, அப்படி ஒரு துக்கம் நேர்ந்த பெண்ணிடம் "நீ அதைச் செஞ்சே, இதைச் செஞ்சே" என்று பழி போடாதீர்கள். முன்பு கரு கலைந்தவர்கள், ரத்தம் பட்டவர்கள், நச்சுக்கொடி கீழே இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகே மஸாஜ் செய்துகொள்ள வேண்டும்.

பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போது பட்டுப்புடவையை எடுத்து வைக்க மறந்தாலும், தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மறக்காதீர்கள். 2016-லிருந்து மாதந்தோறும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அம்மா ஊரிலும் போய்க் காட்டிக்கொள்ளலாம்.

அம்மாமார்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. எண்ணெயில் விரலை நனைக்கும் முன் பெண்ணிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "எங்கே வலிக்குது? ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா? இது பழைய வலியா, புதுசா?" ஒரு பக்கம் என்றோ, புதிது என்றோ அவள் சொன்னால், கிண்ணத்தை மூடி வையுங்கள். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.