மரத்துக்கு ஏன் நம்பர்?



நம்ம ஊர்ப் பக்கம் ரோட்டோரமா நிற்கிற பழைய புளியமரங்களைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தில் பெயிண்ட் பட்டையும் ஒரு எண்ணும் இருக்கும். பட்டை எதற்கு என்று தெரியும்; ராத்திரியில் லைட் பட்டதும் டிரைவர் கண்ணுக்கு மரம் தெரியணும். நம்பர் எதற்கு?

அது மரத்தோட ரோல் நம்பர்! நெடுஞ்சாலைத்துறை தன் ரோட்டோர மரங்களை எண்ணிக் கணக்கு வைக்கிறது. புளி மகசூலை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர்தான் உலுக்கலாம். (நாம் கல் எறிந்து பொறுக்குவது எந்தக் கணக்கு என்று கேட்காதீங்க!) காற்றில் மரம் விழுந்தாலும் விறகு அரசாங்கச் சொத்துதான்.

ஆக, பொது மரம் என்றால் கேட்க ஆள் இல்லாத மரம் இல்லை. ரோடு எந்தத் துறையோ, மரமும் அந்தத் துறை. தென்காசித் தெருக்களில் நகராட்சி, குற்றாலத்தில் பேரூராட்சி, அருவிக்கு மேலே காட்டில் வனத்துறை. ஐந்தருவி பக்கம் இருக்கிற சுற்றுச்சூழல் பூங்கா தோட்டக்கலைத்துறையைச் சேர்ந்தது. குற்றாலநாதர் கோயில் குறும்பலா தலமரம், அது அறநிலையத்துறைப் பொறுப்பு.

பொது இடத்து மரத்தை நினைத்தவுடன் வெட்டவும் முடியாது. 2021-ல் தமிழக அரசு மாவட்டம்தோறும் பசுமைக் குழு அமைத்தது. தலைவர் கலெக்டர். வெட்டித்தான் ஆகணுமா என்று அந்தக் குழு பார்க்கணும்.

ஆனால் வெட்டத்தானே பர்மிஷன்? கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்க யாரும் பர்மிஷன் கேட்பதில்லையே!

எப்படி என்று சொல்கிறேன். இலையில் தயாராகிற உணவு வேருக்குப் போவது புளோயம் வழியாக. அது பட்டையை ஒட்டித்தான் இருக்கிறது. விளம்பரத் தட்டி மாட்ட, சீசன் கடைக்குத் தார்ப்பாய் கட்ட என்று அடிக்கிற ஒவ்வொரு ஆணியும் அதைக் குத்துகிறது. ஒரு ஆணியால் மரம் சாகாது. ஆனால் அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகும். மரத்தடியில் குப்பையைக் கொளுத்தினாலோ பட்டையே வெந்துவிடும். சுற்றிலும் வெந்துபோனால் வேர் பட்டினி.

இதைவிட மோசம் சிமெண்ட். வேரும் மூச்சு விடும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அடிமரம் வரை சிமெண்ட் பூசினால் காற்றும் போகாது, மழைத்தண்ணியும் இறங்காது. 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை எடுக்கணும் என்று உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்றால் நம்ம கிளாஸ் ஸ்கேல் அளவு. அவ்வளவு இடம்கூட விடுவதில்லை.

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாய்க்கால் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தால், மரம் மறுபக்கம் சாயும். அப்புறம் காற்றில் விழுந்தால் "ஆபத்தான மரம்" என்று மரத்துக்குத்தான் கெட்ட பேர்! சாரல் தொடங்கும் முன்பே காய்ந்த கிளையை எடுத்து, இரண்டு பக்கமும் எடை பார்த்துக் கழிப்பதுதான் சரியான கவாத்து.

வெட்டிய மரத்துக்குப் பதில் பத்துக் கன்று நடுவோம் என்கிறார்கள். நல்லதுதான். திருநெல்வேலி ரோட்டை நான்கு வழியாக்கியபோது எத்தனையோ மரங்கள் போயின. கன்று நிழல் தர எத்தனை வருஷம்? ஆடிச் சாரலில் நட்டால் எந்தக் கன்றும் துளிர்க்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் வேம்பும் புங்கமும் தானே பிழைத்துக்கொள்ளும். ஆட்டுக்கு மட்டும் வேலி வேண்டும்.

உங்க தெருவில் ஆணி அடித்த மரமோ, சிமெண்டில் மாட்டின மரமோ இருந்தால் அதன் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். நம்பர் இல்லையென்றால் ரோட்டுப் பெயரும் பக்கத்துக் கட்டடமும் போதும். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் மனு கொடுக்கலாம். "ஒரு மரம்" என்று எழுதாதீங்க, "இன்ன நம்பர் மரம்" என்று எழுதுங்க.