குளிரிலே பத்துக் குஞ்சுகள்

சென்ற மார்கழியில், வலப்பனையில் உள்ள எமது வீட்டுக்கு முதன்முதலாகப் பத்துக் கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்தோம். கல்லூரியிலே பாடஞ் சொல்லும் எமக்கு இஃதொரு பெரிய வித்தையோ என்றே எண்ணம். முதலிரவிலேயே அவ்வெண்ணம் கலைந்தது. விடியற்காலையில் மூன்று குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. எஞ்சியவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒடுங்கியிருந்தன.

இறகு முளைக்காத குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாய்க்கோழியின் சிறகு இல்லாவிடத்து, முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை குறைத்து வரலாம். மலைநாட்டு இரவுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

செய்தி கேட்டு வந்த லயத்துப் பாட்டி ஒருவர், "பெட்டியிலே ஒரு பல்ப்பைத் தொங்கவிடுங்க ஐயா, மிச்சத்தைக் குஞ்சே சொல்லும்" என்றார். உண்மைதான். சூடு போதாவிடின் அவை விளக்கடியில் நெருங்கிக் கீச்சிடும். மிகுந்தால் அலகைத் திறந்தபடி விலகியோடும். அளவாயின் பரவிப் படுத்துறங்கும். வெப்பமானியை அன்றே மேசையறைக்குள் வைத்துவிட்டோம். ஈரமான மரத்தூளிலே இரத்தக்கழிச்சல் பெருகும் என்பதால், அதனை மட்டும் தவறாது மாற்றினோம்.

ஏழும் இன்று முற்றத்தைக் கிளறுகின்றன. பருந்தின் நிழல் விழுந்தால் கொய்யாமரத்தடிக்கு ஓடுகின்றன. இளைய மகள் ஏழுக்கும் பெயர் சூட்டிவிட்டாள். ஆகையால், கறியைப் பற்றிய பேச்சு எம் வீட்டில் எழுவதேயில்லை.