புதிய கடல்மீன்களுக்குத் தனிமைக் காப்பு

ஹைதராபாத் நகரின் கிழக்குப் புறத்திலுள்ள நாச்சாரம், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின்மீது அமைந்த பகுதியாகும். இத்தகைய உள்நாட்டு இடங்களில் பள்ளியிலோ வீட்டிலோ கடல்மீன் தொட்டி அமைப்பவர்கள் கடல்நீரையே தயாரித்துக்கொள்ள வேண்டியுள்ளது. ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 35 கிராம் உப்புக் கலவையைக் கரைத்தால் கடல்நீருக்கு நிகரான நீர் கிடைக்கிறது. ஆனால் அதில் விடப்படும் மீனைத் தயாரித்துக்கொள்ள இயலாது. அது பிடித்தவர், சேர்த்து வைத்தவர், விமானத்தில் அனுப்பியவர், விற்றவர் எனப் பல கைகள் மாறி வந்து சேருகிறது. ஒவ்வோர் இடத்திலும் வேறு மீன்களோடு ஒரே நீரில் தங்கியிருக்கிறது. ஆகவே, புதிதாக வரும் மீனோடு கண்ணுக்குப் புலப்படாத வேறு உயிர்களும் வந்து சேரக்கூடும் என்பதை முதலிலேயே உணர்ந்துகொள்ளுதல் அவசியம்.

இவ்வபாயத்தைத் தடுக்கும் முறைக்குத் தனிமைக் காப்பு, அதாவது குவாரண்டைன், என்று பெயர். இச்சொல் இத்தாலிய மொழியில் நாற்பது என்னும் எண்ணிலிருந்து தோன்றியது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ரகுசா துறைமுகத்தார் 1377இல், நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் விலக்கி வைத்தனர். பின்னர் வேறு துறைமுகங்களில் இக்காலம் 40 நாளாயிற்று. தமிழ்நாட்டிற்கும் இம்முறை புதிதன்று. இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் கப்பலேறுமுன் சில நாள் நிறுத்தி வைக்கப்பட்டு, வாந்திபேதி, அம்மை முதலிய நோய்கள் உண்டா எனக் கவனிக்கப்பட்டனர். 1947இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் பல ஆண்டுகள் தலைமையிடமாகக் கொண்டிருந்தது இதே மண்டபம் முகாமைத்தான். மனிதருக்கு வகுக்கப்பட்ட அந்த விதியே மீனுக்கும் பொருந்தும்: நோய் வெளிப்படுவதற்கு எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் காத்திருக்க வேண்டும்.

மூவகை வெண்புள்ளிகள்

கடல்மீன் தொட்டிகளை அழிக்கும் நோய்களுள் முதன்மையானது வெண்புள்ளி நோய். இப்பெயர் மூன்று வெவ்வேறு நோய்களுக்கு வழங்குவதால் கள ஊழியர்களிடையே குழப்பம் ஏற்படுகிறது. நன்னீர் மீன்களில் காணப்படும் வெண்புள்ளி, இக்தியோப்திரியஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் உண்டாவது. கடல்மீன்களின் வெண்புள்ளி, கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் வேறோர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் உண்டாவது. இறால்களின் ஓட்டில் தோன்றும் வெண்புள்ளியோ ஒருவகை வைரஸால் விளைவது. ஒன்றிற்குரிய சிகிச்சை மற்றொன்றிற்கு எப்போதும் பயன்படும் என்று கொள்ளலாகாது. இறாலுக்கு வந்த வைரஸ் நோயை மருந்தால் குணப்படுத்தவும் இயலாது.

ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று

கடல்மீன் வெண்புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணியின் வாழ்க்கை நான்கு நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் அது மீனின் மேல்தோலுக்கு அடியில் தங்கி, மூன்று முதல் ஏழு நாள் வரை உணவு கொண்டு பருக்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுவே. இரண்டாம் நிலையில் மீனை விட்டு நீங்கித் தொட்டியின் அடியில் சில மணி நேரம் ஊர்ந்து திரிகிறது. மூன்றாம் நிலையில் மணல், கல், கிளிஞ்சல் போன்ற ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு அமைத்து, அதனுள் பலவாகப் பிளவுபடுகிறது. ஒரு கூட்டினுள் 200 வரை குஞ்சுயிர்கள் உண்டாகக்கூடும். நான்காம் நிலையில் அவை வெளிப்பட்டு நீந்தி மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிட்டாவிடில் அவை மடிந்துவிடும்.

இச்சுற்றில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மீனின் தோலுக்கு அடியிலும் கூட்டினுள்ளும் இருக்கும்போது ஒட்டுண்ணியை மருந்து எளிதில் தாக்குவதில்லை. நீரில் நீந்தும் குறுகிய காலத்தில்தான் அது அழிக்கத்தக்கதாக உள்ளது. புதிய மீனைச் சில நிமிடம் நன்னீரில் முக்கி எடுப்பதால் இந்நோய் நீங்காது என்பதற்குக் காரணம் இதுவே. இரண்டாவது, எல்லாக் கூடுகளும் ஒரே காலத்தில் திறப்பதில்லை. பெரும்பாலானவை மூன்று நாளிலிருந்து நான்கு வாரத்திற்குள் திறக்கின்றன. எனினும் 72 நாள் கழித்துத் திறந்த கூடுகளும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

மாணவர்களுக்கு இதனைக் கணக்காகவே விளக்கலாம். ஒரு கோமாளி மீனின் செவுள்களில் பத்து ஒட்டுண்ணிகள் இருப்பதாகக் கொள்வோம். செவுளின் உட்புறத்தில் இருப்பதால் அவை வெளியே தெரியமாட்டா. மீன் நன்றாக உண்டு, நீந்தித் திரியும். ஒவ்வொன்றிலிருந்தும் 200 வீதம் 2,000 குஞ்சுயிர்கள் வெளிப்பட்டு, அவற்றுள் பத்தில் ஒன்றே மீனை அடைந்தாலும், அடுத்த சுற்றில் 200 ஒட்டுண்ணிகள் இருக்கும். அதற்கடுத்த சுற்றில் இதே கணக்கின்படி 4,000 ஆகும். கடலின் பரந்த நீரில் இக்குஞ்சுயிர்கள் சிதறிப்போகின்றன. 200 லிட்டர் தொட்டியிலோ மீன் எங்கும் தப்பிச் செல்ல வழியில்லை. வாங்கிய அன்று குறையின்றித் தோன்றிய மீன், இரண்டு மூன்று வாரங்களில் தொட்டி முழுவதையும் அழிப்பது இவ்வாறே.

தனித்தொட்டி அமைக்கும் முறை

தனிமைக் காப்புக்குரிய தொட்டி எளியதாக இருத்தலே நன்று. மணலும் கல்லும் வேண்டா. அவை கூடுகளுக்கு இடமளிக்கும், மருந்தையும் உறிஞ்சிவிடும். மீன் ஒளிந்துகொள்ளச் சில பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போதும். காற்றுக் குழாயுடன் கூடிய பஞ்சு வடிகட்டி ஒன்றை, நோயற்ற பழைய தொட்டியில் சில வாரம் முன்னதாகவே இட்டு வைத்துப் பின்னர் இங்கு மாற்ற வேண்டும். அதற்குள் அப்பஞ்சில், கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். இதனைச் செய்யாதவர்களின் மீன்கள் நோயால் அல்லாமல் அம்மோனியாவாலேயே இறந்துபோவதுண்டு. வலை, வாளி, குழாய் ஆகியவை இத்தொட்டிக்கெனத் தனியே இருத்தல் வேண்டும். ஈரமான ஒரு வலையே நோயை அடுத்த தொட்டிக்குக் கொண்டு செல்லப் போதுமானது.

மீனைக் குறைந்தது நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து, அது உண்ணும் முறையையும் மூச்சுவிடும் வேகத்தையும் நாள்தோறும் குறித்துக்கொள்ள வேண்டும். செவுள் விரைந்து அசைதல், பொருள்கள்மீது உடலை உராய்தல், உணவை மறுத்தல் ஆகியவை புள்ளிகளுக்கு முன்பே தோன்றும் அறிகுறிகள். நோய் தெரிந்தால் தாமிர மருந்து பயன்படுகிறது. தாமிர அயனியின் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீனுக்கே நஞ்சாகும். ஆகவே ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

மருந்தின்றியும் ஒரு வழி உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தம் செய்து உலர்த்திய வேறு தொட்டிக்குப் புதிய நீரில் மாற்றுவது அது. நான்கு முறை இவ்வாறு மாற்றினால், மீனைவிட்டு நீங்கிய ஒட்டுண்ணிகள் கூடு திறக்குமுன் பின்தங்கிவிடுகின்றன. எனினும் செவுள்களைத் தாக்கிச் சில நாளிலேயே கொல்லும் அமிலூடினியம் என்னும் மற்றோர் ஒட்டுண்ணிக்கு இம்முறையை நம்பியிருத்தல் கூடாது.

பவளமும் முதுகெலும்பில்லா உயிர்களும்

நத்தை, நண்டு, இறால், கடற்சாமந்தி முதலியவற்றை இவ்வொட்டுண்ணி தாக்குவதில்லை. ஆயினும் அவற்றின் ஓட்டிலும், அவை ஒட்டியிருக்கும் கல்லிலும் கூடுகள் இருக்கக்கூடும். இவற்றுக்குத் தாமிரம் கொடிய நஞ்சாதலால் மருந்திடவும் முடியாது. மீனே இல்லாத தொட்டியில் நெடுநாள் வைத்திருப்பதே தக்க வழி. மேற்கூறிய 72 நாள் கணக்கை ஒட்டிச் சிலர் பத்து, பதினொரு வாரம் காத்திருக்கின்றனர். பவளங்களை உண்ணும் தட்டைப் புழுக்களும் ஓடில்லா நத்தைகளும் வேறு உள்ளன. மருந்து நீரில் முக்கினால் அப்பூச்சிகள் உதிரும். அவற்றின் முட்டைகள் உதிர்வதில்லை. ஆதலால் முட்டை பொரியும் காலத்தைக் கணித்து, மறுபடியும் மறுபடியும் பார்வையிட வேண்டும்.

இங்கு சட்டத்தையும் நினைவில் கொள்ளுதல் கடமை. பாறைப் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவற்றை மன்னார் வளைகுடாவிலிருந்தோ பிற இடங்களிலிருந்தோ எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். ஆகவே பள்ளித் தொட்டிக்கு, பண்ணையில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன்களே ஏற்றவை. அவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வகுக்கப்பட்டுள்ளது. பண்ணை மீனுக்கும் தனிமைக் காப்பு உண்டு என்பதை மறத்தலாகாது.

இறால் பண்ணைகள் தந்த பாடம்

ஒரு தொட்டியில் நேரும் இழப்பு சில மீன்களோடு முடிந்துவிடும். அதே தவறு கடற்கரை முழுவதும் நேர்ந்தால் விளைவு என்ன என்பதை 1994-95ஆம் ஆண்டுகள் காட்டின. கிழக்கு ஆசியாவில் 1992ஐ ஒட்டி அறியப்பட்ட இறால் வெண்புள்ளி வைரஸ் அப்போது இந்தியாவின் பண்ணைகளில் பரவியது. ஆந்திர, தமிழ்நாட்டுக் கரையோரங்களில் கருப்பு இறால் வளர்த்தவர்கள் பெருநஷ்டம் அடைந்தனர். நோய் கண்ட குளத்தில் மூன்று முதல் பத்து நாளுக்குள் இறால் அனைத்தும் மடியக்கூடும். கடன் வாங்கிக் குஞ்சு விட்ட விவசாயிக்கு அறுவடைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இப்பாடத்தை மறவாமலே, 2009இல் வெள்ளைக்கால் இறாலின் தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி அளிக்கப்பட்டபோது, சென்னையை அடுத்த நீலாங்கரையில் தனிமைக் காப்பு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிர் வளர்ப்பு மையம் இதனை ஏற்படுத்தியது. வந்திறங்கும் தாய் இறால்கள், குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்றவை எனச் சான்று பெற்றவையே. எனினும் அவை நேரே குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்வதில்லை. ஒருவர் தருவித்தவை மற்றவருடையவற்றோடு கலவாதவாறு தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டு, மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. நோய் காணப்பட்டவை அழிக்கப்படுகின்றன. வெளியேறும் நீரும் கிருமி நீக்கப்பட்ட பின்னரே விடப்படுகிறது.

நாச்சாரத்தில் ஒரு வீட்டு மூலையிலுள்ள சிறு கண்ணாடித் தொட்டியும் நீலாங்கரை நிலையமும் அளவில்தான் வேறுபடுகின்றன, விதி ஒன்றே. புதிய உயிரைத் தனியே வைத்தல், தனிக் கருவிகளைக் கையாளுதல், நோயின் சுற்று முடியும்வரை காத்திருத்தல், பயன்படுத்திய நீரையும் இறந்த மீனையும் ஏரி, குளம், கடல் எதிலும் சேர்க்காமல் நீரை பிளீச்சிங் பவுடரால் தூய்மை செய்து மீனைப் புதைத்தல் ஆகிய நான்கும் அதன் கூறுகள். ஆசிரியர்கள் பள்ளித் தொட்டியின் அருகே ஒரு நாட்குறிப்பை வைத்து, மீன் வந்த தேதியையும் அது பெரிய தொட்டிக்குச் செல்லவேண்டிய தேதியையும் மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்யலாம். அவ்விரு தேதிகளுக்கும் இடையே காத்திருக்கப் பழகிய மாணவன், பின்னாளில் இறால் குளம் வைத்தாலும் கோழிப்பண்ணை வைத்தாலும் புதிதாக வந்ததை அன்றே பழையதோடு கலக்கமாட்டான்.