கடைப் பெயர் சின்னது. கம்பெனிப் பெயர் பெரிசு! பெயிண்டர் கை ஓய்ந்த கதை

மளிகைக் கடை போர்டை அண்ணாந்து பாருங்கள். சோப்புக் கம்பெனியின் பெயர் பெரிசாக இருக்கும். கடையின் பெயர் ஓரமாக, சின்னதாக இருக்கும். கடை யாருடையது என்றே சந்தேகம் வந்துவிடும்!

இதற்குப் பின்னால் ஒரு பேரம் உண்டு. கம்பெனி ஏஜெண்டு வருவார். "போர்டை நாங்களே எழுதித் தர்றோம் அண்ணாச்சி. நயா பைசா வேணாம். எங்க பேரையும் போட்டுக்கிறோம், அவ்வளவுதான்" என்பார். செலவு மிச்சம் என்று அண்ணாச்சியும் தலையாட்டி விடுவார்.

மருந்துக் கடைச் சுவர்

கடைச் சுவரில் கம்பெனி குடியேறியது நம்மூரில் மட்டும் அல்ல. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து கார்ட்டர்ஸ்வில் நகரில் யங் பிரதர்ஸ் என்ற மருந்துக் கடை. கோகோ கோலா அப்போது பெரும்பாலும் மருந்துக் கடைகளில்தான் கிளாசில் கிடைக்கும். 1894-ல் அதன் சிரப்பை விற்க வந்த ஜேம்ஸ் கௌடன், கடையின் பக்கச் சுவரில் பானத்தின் பெயரைப் பெயிண்டால் எழுதிவிட்டார். அந்தக் கம்பெனியின் முதல் சுவர் விளம்பரம் அதுதான் என்கிறார்கள். பிற்காலத்தில் மேலே பூசிய பெயிண்டை அடுக்கடுக்காக நீக்கி, அந்த எழுத்தைப் புதுப்பித்தார்கள்.

1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டு தம்ஸ் அப் வந்தது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்து, தம்ஸ் அப்பையும் வாங்கிப் போட்டது. கம்பெனிகள் மோதிக்கொண்டால் பெயிண்டருக்கு யோகம்! கடை வாசலில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுத வேண்டுமே!

நூலைச் சுண்டினால் கோடு

வேலை லேசானது அல்ல. கலர்ப் பொடி தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். நேர்க்கோடு விழும். கம்பெனி தந்த சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிசாகப் போட்டு, கட்டம் கட்டமாக வரைவார்கள். பிறகு எனாமல் பெயிண்ட். எழுத்துக்கு நிழல் கொடுத்தால் சுவரை விட்டு எழுந்து நிற்கும்!

கடைசியில் மூலையில் பெயிண்டரின் பெயர், பக்கத்தில் 'ஆர்ட்ஸ்'. அவருக்கு அதுதான் விளம்பரம். அதைப் பார்த்துத்தான் அடுத்த கடைக்காரர் தேடி வருவார்.

மிஷின் வந்தது

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் பரவியது. நாள் கணக்கில் எழுதியதை மிஷின் சில மணி நேரத்தில் அச்சடித்துத் தள்ளியது. ஏணியை ஓரமாகச் சாத்திவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போனவர்கள் ஏராளம்.

டில்லியில் ஹனீப் குரேஷி என்ற கலைஞர், தெருப் பெயிண்டர்களின் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் எழுத்துகளாக மாற்றினார். அவற்றுக்குப் பெயிண்டர்களின் பெயரையே வைத்தார். 2024-ல் அவரும் காலமானார்.

பேரம் மட்டும் மாறவில்லை. போர்டு இன்றும் இனாம்தான். கம்பெனிப் பெயர்தான் பெரிசு. ஆனால் மூலையில் பெயிண்டர் பெயரைத்தான் காணோம்!