மலைக்கு ஒரு மனைவியின் பெயர்



கணவனும் மனைவியும் ஒரு வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு மலைநகரங்களுக்குப் பிரயாணம் போகிற காட்சிகளை உங்களில் அநேகர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். வண்டிக்குள்ளேயே படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். கேரவன் என்றும் கேம்பர் வேன் என்றும் அதை அழைக்கிறார்கள். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமண் மலையில் இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்க இடமும் அமைக்கப்பட்டது. பட்டணத்து வாடகை வீட்டில், ஆளுக்கொரு வேலை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பதியருக்கு இதைக் காணும்போது ஏக்கம் உண்டாவது இயல்பே. “நாமும் இப்படி எங்கேயாவது போகக்கூடாதா?” என்று மனைவி கேட்க, கணவன் மறுமொழி சொல்லாமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை!

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அந்தமானில் உள்ள ஒரு மலைக்கு வாருங்கள்.

படகேறிப் போகும் மலை

அந்தமானுக்கு வாகனம் கொண்டுபோக வேண்டுமானால் கப்பலில்தான் ஏற்ற வேண்டும். சென்னையிலிருந்து கப்பல் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலை அங்குள்ள சாத்தம் தீவில் இருக்கிறது. அத்தீவின் படகுத்துறையிலிருந்து வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு படகு எதிர்க்கரையிலுள்ள பாம்பூபிளாட்டுக்குப் போகிறது. அங்கிருந்து ஹோப் டவுன் வழியாகச் சாலை மலையேறுகிறது.

மலையின் உயரம் நானூறு மீட்டருக்கும் குறைவே. ஆயினும் அடர்ந்த காடும் கடற்காற்றும் சேர்ந்து கீழேயுள்ள வெப்பத்தைத் தணித்துவிடும். ஆகையால் ஆங்கிலேயர் ஆட்சியில் தலைமை ஆணையர் கோடைக்காலத்தை இங்கே கழிப்பது வழக்கமாயிருந்தது. இன்று இது தேசியப் பூங்கா. விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்ட முடியாது. வனத்துறையின் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு.

2021-ஆம் ஆண்டு வரையில் இம்மலை மவுண்ட் ஹாரியட் என்று அழைக்கப்பட்டது. ஹாரியட் யார்? 1862 முதல் 1864 வரை அந்தமான் கைதிகள் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராயிருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி.

மாட்டு வண்டியே வீடு

1857-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி டெல்லியில் சிப்பாய்களின் எழுச்சி மூண்டது. அப்பொழுது ஹாரியட் நிறைமாத கர்ப்பிணியாயிருந்தார். கையில் இரண்டு சிறு பிள்ளைகள். குடும்பமாய் அம்பாலாவுக்குத் தப்பியோடினார்கள். பின்பு கணவர் படையோடு டெல்லிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஹாரியட்டும் உடன் வந்தார். நகருக்கு வெளியே இருந்த பாறைமேட்டில் பாசறை அமைந்தது. மற்ற பெண்களை அப்புறப்படுத்தினார்கள். பேறுகாலம் நெருங்கிவிட்டபடியால் ஹாரியட்டால் நகர முடியவில்லை. ஒரு மாட்டு வண்டியே அவர்களுக்கு வீடாயிற்று. ஜூன் 21-ஆம் தேதி, பீரங்கி முழக்கத்தின் நடுவே, அந்த வண்டியிலேயே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஸ்டான்லி டெல்லி போர்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

போர் ஓய்ந்தபின் கணவனும் மனைவியும் சேர்ந்தே புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, அந்நிகழ்ச்சிகள் நடந்த இடங்களை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தார்கள். இறுதியில் அவர்கள் வந்து சேர்ந்தது சிம்லா என்னும் மலைநகரம். 1872-இல் அங்கே ராபர்ட் இறந்தார். ஹாரியட் அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1907-இல் அதே ஊரில் மறைந்தார்.

மலையின் மறுபக்கம்

ஆயினும் ஒரு தம்பதியரின் அன்புக்கதை என்று மட்டும் இதை வாசித்துவிடக் கூடாது. அந்தமான் குடியேற்றம் 1858-இல் தொடங்கப்பட்டதே அந்த எழுச்சியில் பிடிபட்டவர்களை அடைப்பதற்காகத்தான். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். கடலுக்கு அப்பால் காத்திருந்தார்கள்.

1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு இம்மலையில் ஏறி, நோயாளிகள் தங்கித் தேறுவதற்கு இது ஏற்ற இடமா என்று பார்த்தார். மாலையில் இறங்கி ஹோப் டவுன் துறைக்கு வந்தபோது, ஷேர் அலி அப்ரிதி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். 1891-ஆம் ஆண்டுப் போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலச்சந்திராவும் அவரைச் சேர்ந்தவர்களும் இதே மலையில் சிறைவைக்கப்பட்டார்கள். அதை நினைவுகூர்ந்தே 2021-இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்டது. ஒருவருக்குக் கோடைவாசஸ்தலமாயிருந்த இடம் இன்னொருவருக்குச் சிறையாயிருந்தது.

தீவின் வடக்கே 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரத்தைக் காண அந்தமான் நெடுஞ்சாலையில் போகிறவர்களும் இதை மறக்கலாகாது. அச்சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அப்பகுதியில் சாலையை மூட உத்தரவிட்டும் வாகனங்கள் இன்னும் போகின்றன. காவலர் துணையோடு அணியாகத்தான் போக முடியும். நிறுத்தவோ, படம் எடுக்கவோ, உணவு கொடுக்கவோ கூடாது. வெளியாரின் நெருக்கம் தொடங்கியபின் 1999-இல் அம்மக்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு உல்லாசப் பாதை. அவர்களுக்கு அது வீட்டு முற்றம்.

உங்கள் பிரயாணம்

அருமையானவர்களே, மாட்டு வண்டியில் படுக்கை வசதி இல்லை, தண்ணீர்த் தொட்டியும் இல்லை. ஆனாலும் அங்கே பிறந்த ஒற்றுமை, இருவரும் சேர்ந்து வேலை கற்றுக்கொள்ளும் அளவுக்கு நிலைத்தது. சொகுசு வண்டியில் போயும் பேசிக்கொள்ளாமல் திரும்புகிறவர்கள் உண்டு. குறுகிய இடத்தில் இரண்டு நாள் தங்கினால், வீட்டில் மூடிவைத்த கோபங்கள் வெளியே வந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். கேட்கவும், பொறுக்கவும், மன்னிப்புக் கேட்கவும் அதுவே ஏற்ற சமயம்.

கேரவன் வாங்க வசதியில்லையே என்று வருந்தாதீர்கள். கடன் வாங்கியும் போகாதீர்கள். பேருந்தில் ஏறி ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ ஒருநாள் போய்வரலாம். அதுவும் கூடாதிருந்தால், ஒரு சனிக்கிழமை மாலை கடற்கரை வரையிலாவது, கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, இருவருமாய் நடந்துபோங்கள்.

ராபர்ட்டின் மனைவிக்கு ஒரு மலையின் பெயரே கிடைத்தது. அதுவும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மாறிவிட்டது. உங்கள் மனைவி மலையைக் கேட்கவில்லை. “எங்கேயாவது போகக்கூடாதா?” என்றுதான் கேட்டார். இன்று இரவு அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.