கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்?

"கத்திரி முடிவதற்குள் மழை உண்டா? கைபேசியில் ஒன்றரை மாதத்துக்குத் தேதிவாரியாகக் காட்டுகிறதே, அதைப் பார்த்து எள் அறுக்கலாமா?" என்று திண்டிவனத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ஆறு வாரம் கழித்து இன்ன தேதியில் இன்ன ஊரில் மழை என்று சொல்ல அறிவியலில் இடமே இல்லை. இந்திய வானிலை ஆய்வு மையம் வியாழக்கிழமைதோறும் தரும் நான்கு வார முன்னறிவிப்பு வாரச் சராசரியோடு நின்றுவிடுகிறது. அந்த வாரம் மழையும் வெப்பமும் இயல்பைவிடக் கூடுமா, குறையுமா என்றுதான் அது பேசும், தேதிவாரியாகச் சொல்வதில்லை. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

நாள்வாரிக் கணிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1963இலேயே வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார்.

இனி நம் ஊர்க் கதை. விழுப்புரமும் திண்டிவனமும் கடலிலிருந்து 30, 40 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. கடற்காற்று எட்டும் தூரம்தான், ஆனால் தாமதமாக எட்டும் தூரம். காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டி மரக்காணம், புதுச்சேரிக் கரையில் கடற்காற்று ஏறும். மேல்காற்று தளர்ந்திருந்தால் பிற்பகலிலேயே உள்ளே வந்து வெயிலைத் தணித்துவிடும். மேல்காற்று வலுத்தால் கரையோரத்திலேயே தடுக்கப்பட்டு நிற்கும். உள்ளே வெயில் ஏறிக்கொண்டே போகும். வங்கக் கடலில் புயல் உருவாகி வடக்கே மியான்மர் பக்கம் நகர்ந்தால், அதன் சுழற்சி நம் பக்கம் வடமேற்குத் தரைக்காற்றைத்தான் இழுத்துவரும். புயல் வந்தால் குளிரும் என்று காத்திருப்பவர்கள் அப்போதுதான் அதிகம் வேகிறார்கள். கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்திலேயே 2003 மே இறுதியில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று நேரத்துக்கு வந்திருந்தால் அது நடந்திருக்காது.

என்னை வியக்க வைப்பது இதற்கடுத்த கட்டம். கோடையில் இந்த வட்டாரத்து வானம் ஒரு மூடிய இட்லிப் பானை. அடியில் கடலின் ஈரம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் உள்நாட்டிலிருந்து வந்த வறண்ட சூடான காற்று மூடியாக அழுத்துகிறது. ஈரக்காற்று எழுந்து மூடியில் முட்டித் திரும்புகிறது. நமக்கு வியர்வை மட்டும் மிச்சம். கனமான கடற்காற்று உள்ளே புகுந்து, எதிரே நிற்கும் சூடான காற்றை மேலே நெம்பும்போது மூடி ஆடுகிறது. ஓரிடத்தில் விலகினால் போதும், ஆவி சீறிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாக எழும். மூடியின் உட்புறம் திரண்ட நீர் சொட்டுவதுபோல் மழையோடு குளிர்காற்றும் கீழே விழுந்து நாலாபக்கமும் பரவி, பக்கத்து மூடியையும் தூக்கிவிடும். தண்ணீர் இன்று கொதிக்குமா என்று அடுப்படியில் நிற்பவரால் சொல்ல முடியும். எந்த ஓரத்தில் முதல் ஆவி கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மயிலத்தில் கொட்டும் மழை திண்டிவனத்தில் ஒரு தூறல்கூடப் போடாமல் போவது இதனால்தான். அதை வானிலைத் துறையின் தோல்வி என்று செய்திகளில் எழுதுவது நியாயமில்லை.

ஆகவே எள் அறுப்பவர் மாதக் கணிப்பை விட்டுவிட்டு, துறையின் ஐந்து நாள் மாவட்ட முன்னறிவிப்பைப் பார்த்து நாள் குறிக்கலாம். அறுத்துக் கட்டிய எள்ளும், விற்பனைக் கூடத்தில் திறந்தவெளியில் கிடக்கும் நெல்லும், மரக்காணம் உப்பளத்தில் விளைந்த உப்பும் ஒரே சாயங்கால மழையில் பாழாகும். அதே மழைக்காக அடுத்த நிலத்துக்காரர் கோடை உழவுக்கு ஏங்கிக்கொண்டிருப்பார். அன்றைய பிற்பகலுக்குச் சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்கே செஞ்சிப் பக்கம் மேகம் கறுத்தால், மின்னலை முன்கூட்டி எச்சரிக்கும் அரசின் 'தாமினி' செயலியைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை வந்தால் வயலிலிருந்து ஆளும் மாடும் உடனே திரும்பிவிட வேண்டும். தனிமரத்தடியில் ஒதுங்கக் கூடாது.