மங்கள்யான் எடுத்த பூமி

நாள்: 2013 நவம்பர் 19, பிற்பகல் 1.50
உயரம்: 67,975 கி.மீ.
கருவி: செவ்வாய் வண்ணக் கேமரா (1.27 கிலோ)

அரக்கோணத்துக்கு வடகிழக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று பி.எஸ்.எல்.வி-சி25 ராக்கெட் மங்கள்யான் விண்கலத்தைச் சுமந்து கிளம்பியது. செவ்வாயை நோக்கிப் புறப்படுமுன், பூமியைச் சுற்றிவந்த நாட்களிலேயே கேமராவைச் சோதித்தார்கள். அப்போது கிடைத்த முதல் படம் இது.

நடுவில் இந்தியத் துணைக்கண்டம். வங்கக் கடலில் திரண்டிருக்கும் மேகங்கள், மறுநாள் 'ஹெலன்' என்று பெயர் பெற்ற புயலின் தொடக்கம். 22ஆம் தேதி அது ஆந்திராவின் மசூலிப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் மூன்றரை கி.மீ. அகலம். அரக்கோணம் நகரம் முழுவதும் ஓரிரு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். இதே கேமரா செவ்வாய்க்கு மிக அருகில் செல்லும்போது 20 மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும் திறன் கொண்டிருந்தது. தொலைவில் இருக்கும்போது முழுக் கோளையும் ஒரே படத்தில் பிடித்தது. செவ்வாயின் நிலாக்களான போபோஸ், டீமோஸ் இரண்டையும் படமெடுத்தது.

2014 செப்டம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யானுக்குத் திட்டமிட்ட ஆயுள் ஆறு மாதம். உழைத்ததோ ஏழு ஆண்டுகளுக்கும் மேல்.